தெருமுனையில் இரண்டு ஹாரன்

"சுஷ்மா மேடங்களா?" என்று அந்தப் பெண் கேட்டபோது நேமிநாதன் கேப்பை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். மனைவியின் கைபேசியை இடது கையால் எடுத்துக் காதில் வைத்திருந்தார்.

"அவங்க வெளியே போயிருக்காங்க" என்றார். அப்படியொரு பதில் தன் வாயில் தயாராக இருந்தது சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சுஷ்மா இறந்து ஐப்பசியோடு ஒரு வருடம் முடிந்திருந்தது.

"விழுப்புரம் ஷோரூம்லேர்ந்து பேசறங்க. மேடம் வண்டியில இடது பக்க ஹேண்டில் சுவிட்ச கம்பெனியே மாத்தித் தரச் சொல்லியிருக்கு. ஃப்ரீதாங்க. தண்ணி எறங்கினா சாவி ஆஃப்ல இருந்தாகூட கரண்ட்டு பாஞ்சிடுது. ஹாரன் தானா அடிக்கும், ஒயரு சூடாயிடும். சீக்கிரம் எடுத்துக்கினு வரச் சொல்லுங்க."

"வந்தா சொல்றேம்மா."

சுஷ்மா வேளாண்மைத் துறையில் உதவி அலுவலர். மல்லாட்டை விதைப்புக்கும் உளுந்துப் பூச்சிக்கும் வல்லம் பக்கத்துக் கிராமங்களில் அலைந்தவள். "வரப்புமேல ஸ்கூட்டி எங்க போவும்? எனக்குக் கியர் வண்டிதான்" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தபோது பழைய வண்டியை விற்றுவிட்டு இந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிளை வாங்கினாள். நேமிநாதனுக்கு வண்டி ஓட்ட வராது. திண்டிவனத்தில் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு தட்டச்சுக் கடை வைத்திருந்தார். வெயில் தணிவதற்குள் கடையைச் சாத்திவிட்டு வந்து சமைப்பது அவர்தான்.

சமணர்களான நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்தபிறகு சாப்பாடு கிடையாது. அதனால் சாயங்காலங்களில் விழுப்புரம் சாலையில் அவளுக்கும் சூரியனுக்கும் ஒரு பந்தயம் நடக்கும். தெருமுனைக்கு வந்ததும் இரண்டு ஹாரன் அடிப்பாள். உடனே எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவில் வண்டியை உருளவிட்டு வாசலில் வந்து நிற்பாள். ஹாரன் கேட்டதும் அவர் தட்டுகளை எடுத்து வைப்பார். கை கால் கழுவிக்கொண்டு அவள் உட்காரும்போது சோறு ஆவி பறக்கும்.

"நீங்க தட்டு வெக்கிற சத்தம் முனைக்கே கேக்குது, தெரியுமா?"

"ஆமா, செஞ்சிக்கே கேக்கும். அங்க கோட்டைல நின்னுக்கினு கேட்டவங்க சொன்னாங்க."

இந்தக் கேலி அலுக்காமல் நடந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

வண்டி வாசலை ஒட்டிய தகர ஷீட்டுக்கு அடியில் நின்றது. பக்கத்து வீட்டு நெடுஞ்செழியன் அரசுப் பேருந்தில் நடத்துனர். விடுமுறை நாட்களில் வந்து பேட்டரி செத்துப்போகாமல் இருக்க அதை ஒரு தடவை கிளப்பிவிட்டுப் போவார்.

தை மாதம் பருவம் தப்பி மழை வந்தது. வெளிச்சம் மங்கும் வேளை. நேமிநாதன் செய்தித்தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாசலில் ஹாரன் அடித்தது. சிறிது விட்டு மறுபடியும் ஒன்று. கால்கள் தாமாகவே சமையலறைக்குப் போயின. இரண்டு தட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார். சோற்றை அள்ளினார். பிறகுதான் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டார்.

பயமெல்லாம் இல்லை. காரணத்தைத்தான் அந்தப் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தாளே. அவர் படித்தவர். ஆனால் காரணம் தெரிந்ததால் மட்டும் அந்தச் சத்தம் சுஷ்மாவுடையது இல்லை என்று ஆகிவிடவில்லை. மறுநாள் காலையில் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, ஷீட்டில் ஓட்டை விழுந்து ஒழுகும் இடத்துக்கு நேராக நிறுத்தினார்.

ஷோரூமிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. "ஊருக்குப் போயிருக்காங்க" என்றார். வானம் கறுக்கும் நாட்களில் கடையைச் சீக்கிரமாகச் சாத்தினார். தூறல் விழுந்த ஒரு சாயங்காலம் இன்னொரு தடவை அடித்தது. அன்று அவர் தட்டை எடுக்கப் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒன்று அடிக்காதா என்று காத்திருந்தார்.

அடுத்த மழையில் ஹாரனுக்குப் பதிலாகக் கருகல் நாற்றம் வந்தது. நெடுஞ்செழியன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார்.

"இன்னா நயினாரே, வூட்டக் கொளுத்தறதுக்குப் ப்ளான் பண்ணி நிறுத்தினீங்களா? ஓட்டைக்கு நேராவா வண்டிய வுடுவாங்க?"

நெடுஞ்செழியனின் மனைவி கலைப்பிரியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தாள். "எங்க வூடும் ஒட்டினாப்லதானே அண்ணா இருக்குது" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவருக்குத் தலை குனிந்தது. ஷோரூமிலிருந்து வந்த அழைப்புகளைப் பற்றி அப்போதுதான் அவர்களிடம் சொன்னார்.

நெடுஞ்செழியனுக்கு ஓய்வு கிடைத்த நாளில், பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டி, சுவிட்சைச் சுற்றி டேப் ஒட்டி, இருவரும் விழுப்புரத்துக்குக் கிளம்பினார்கள்.

"புடிச்சிக்கினு குந்துங்க. டிக்கெட்லாம் வேணாம், ஸ்டாஃப் வண்டி."

அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தால் நேமிநாதனின் வலது கை சுஷ்மாவின் தோளில் இருக்கும். இப்போது அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி ஓரமாகப் போகும்போது அவள் ஒரு கையைப் பின்னால் நீட்டி அவர் முழங்காலைத் தட்டுவாள், தூங்கிவிட்டாரா என்று பார்க்க. சாவடி வந்தது. முழங்காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். சாவடி போய்விட்டது.

ஷோரூமில் கூட்டம். அவர்கள் முறை வரும்போது மாலையாகியிருந்தது. சர்வீஸ் பார்க்கும் யாஹ்யா கோட்டக்குப்பத்துக்காரர். நோன்பில் உதடு காய்ந்திருந்தது. வண்டி எண்ணைக் கணினியில் தட்டினார்.

"மேடம் நம்பருக்கு ஓடிபி போயிருக்கும் சார். போன் பண்ணிக் கேட்டுச் சொல்றீங்களா?"

நேமிநாதனின் சட்டைப் பையில் மணியடித்தது. கைபேசியை எடுத்து எண்களைப் படித்தார். யாஹ்யா கைபேசியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். எண்களை உள்ளிட்டார்.

"எப்ப சார்?"

"போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி."

"எங்களுக்குத் தெரியாது சார். அந்தப் பொண்ணு மேடம் மேடம்னு போன் பண்ணிக்கினே இருந்திருக்கும். மனசுல வெச்சிக்காதீங்க."

"பரவால்ல பாய். அவங்கள ஒருத்தராவது கேட்டாங்களே."

யாஹ்யாவே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியிடம் வந்தார். டேப்பைப் பிரித்தார். ஹாரன் பொத்தானில் இருந்த படம் அவள் கட்டைவிரல் பட்டுப் பட்டு அழிந்து, வழவழவென்று இருந்தது.

"மாத்தாம முடியாதா?" என்று நேமிநாதன் கேட்டார். "ஒயர மட்டும் சரி பண்ணி..."

"மறுபடி எரியும் சார். ஹாரன் தானா அடிக்கும்."

"அது அடிக்கட்டும்."

யாஹ்யாவின் கை நின்றது. தகர ஷீட்டின் ஓட்டை நினைவுக்கு வந்தவர்போல நெடுஞ்செழியன், "அய்ய நயினாரே" என்று மெல்லச் சொன்னார்.

"அப்ப அந்தப் பழசயாவது எங்கிட்ட குடுங்க."

"கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும் சார். என் கையில இல்ல." யாஹ்யா சாவியைப் போட்டுத் திருப்பினார். "கழட்டறதுக்கு முன்னாடி ஒருவாட்டி அடிச்சிக்கோங்க."

நேமிநாதன் அந்தத் தேய்ந்த இடத்தில் தன் விரலை வைத்தார். இரண்டு தடவை அழுத்தினார். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹாரன் அதே ஹாரன்தான் சார்" என்றார் யாஹ்யா. "சுவிட்சுதான் புதுசு. இனிமே தானா அடிக்காது. நீங்க அடிச்சா அடிக்கும்."

வேலை முடியும் நேரத்தில் யாஹ்யா உள்ளே போய், நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தையும் வாழைப்பழத்தையும் கொண்டுவந்து நீட்டினார்.

"பொழுது எறங்கறதுக்குள்ள சாப்ட்ருங்க சார். எனக்கு எறங்கினாத்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேடம்தான் சொல்வாங்க. 'யாஹ்யா பாய், ஜல்தி குடுங்க, நான் போனாத்தான் அவரு சாப்பிடுவாரு, இல்லாட்டி பட்டினி படுத்துடுவாரு'ம்பாங்க. ஒருவாட்டி கரண்ட்டு போயி வேல பேஜாராயிடுச்சி. இருட்டிப்போச்சி. எதிர்க்கடையில நின்னு வாழக்கா பஜ்ஜி சாப்ட்டுக்கினு இருந்தாங்க. இன்னா மேடம், பொழுது போயிடுச்சேன்னேன். 'சத்தம் போடாதீங்க பாய்'னாங்க."

அந்த நாள் நேமிநாதனுக்கு ஞாபகம் இருந்தது. தாமதமாக வந்து, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "இன்னிக்கு ரெண்டு பேருக்கும் பட்டினிதான்" என்று பாயை விரித்தாள். பசி தாங்குவாளோ என்று அவர் வெகுநேரம் கவலைப்பட்டிருந்தார்.

"எவ்ளோ சாப்ட்டா?"

"தட்டு ரொப்பி சார்."

நேமிநாதன் சிரித்தார். பேரீச்சம்பழம் தொண்டையில் சிக்கி இருமல் வந்தது. நெடுஞ்செழியன் முதுகில் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். விரட்டி விரட்டி அவள் வீட்டுக்கு வந்தது அவளுடைய வயிற்றுக்காக இல்லை, அவருக்காக. இனி அதைச் சொல்லிச் சண்டை போடவும் முடியாது.

பழைய சுவிட்சை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வண்டி எண் எழுதி ஒட்டினார்கள். அது மற்ற உறைகளோடு ஒரு பெட்டிக்குள் போனது. பாங்கு ஒலித்தது. யாஹ்யா பழத்தை வாயில் வைத்துக்கொண்டே கையை உயர்த்தி வழியனுப்பினார்.

திண்டிவனம் வரும்போது நன்றாக இருட்டியிருந்தது. தெருமுனையில் வண்டி திரும்பியது.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் நேமிநாதன்.

நெடுஞ்செழியனின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, புதுப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். "இப்ப எஞ்சின ஆஃப் பண்ணுங்க."

எஞ்சின் அடங்கியது. சரிவின் கீழே அவர் வீடு இருட்டாக இருந்தது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. அங்கிருந்து, தரையில் எவர்சில்வர் தட்டு வைக்கும் சத்தம், ணங்கென்று மேலே ஏறி வந்தது.

"கலைப்பிரியாதான்" என்றார் நெடுஞ்செழியன். "ஹாரனக் கேட்டுட்டு எனக்குத் தட்டு வெச்சிட்டா."

நேமிநாதன் சரிவின் கீழே பார்த்தார்.

"முனைக்கே கேக்குது" என்றார்.

"இன்னா?"

"ஒன்னுமில்ல. உருளவிடுங்க."