நல்ல அயலவர்கள் எழுதுவதில்லை

போன செவ்வாய்க்கிழமை மாலை ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கலியாணம் இல்லை, கலைவிழாவும் இல்லை... நிலம், பாதை, கட்டிடம் பற்றிய விண்ணப்பங்களுக்கு முடிவு சொல்லும் நகரசபைக் குழுவின் கூட்டம். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா?

அந்தோனி அண்ணை கூப்பிட்டார், போனேன்.

அண்ணை எங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்து ஆள். ஒஸ்லோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த நகரத்தின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு ஒன்றில் இருக்கிறார். அவருடைய மனைவி றெஜினா அக்காவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். வீட்டின் முன்பக்கம் செங்குத்தான படிகள். அங்கே சரிவுப்பாதை போட இடமே இல்லை என்று அளந்து பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பின்பக்கம். அங்கே வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு புல்வெளி, அது நகரசபைக்குச் சொந்தம். அதன் ஓரமாக நாற்காலி உருளும் அகலத்துக்கு ஒரு பாதை போட அனுமதி கேட்டார். செலவு தன்னுடையது என்றும் எழுதினார்.

கேட்டதற்கு அவசரமான காரணம் இருந்தது. அக்கா வெளியே போய்வர ஒழுங்கான வழி இல்லாவிட்டால் அவரை வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியாது என்று தாதிமார் சொல்லிவிட்டார்கள். பாதை கிடைத்தால் அக்கா வீட்டில். கிடைக்காவிட்டால் பராமரிப்பு இல்லத்தில்.

கூட்டத்தில் எல்லாரும் நல்ல மரியாதையான மனிதர்கள். சிரித்தார்கள், கோப்பி தந்தார்கள். நான் அந்தக் கோப்பியைக் குடித்து முடிப்பதற்குள் எங்கள் விஷயம் முடிந்துவிட்டது.

தலைவி வாசித்தார். பொதுப் புல்வெளியைத் துண்டாடக் கூடாது. பனிக்காலத்தில் சின்னப் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சரிவு அது. அயலவர் ஒருவர் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒன்று சொன்னார் – அயலில் இருந்து ஆதரவாக யாரும் எழுதவில்லை.

கைகளை உயர்த்தினார்கள். நிராகரிப்பு. அடுத்த விஷயம், யாரோ ஒருவருடைய கராஜ்.

"எல்லாரும் ஓம் எண்டுதானே சொன்னவை..." என்றார் அண்ணை. என்னிடம் சொன்னாரா, முன்னால் இருந்த மேசையிடம் சொன்னாரா, தெரியவில்லை.

சொன்னார்கள்தான். அந்த வரிசையில் பாதிக்கு மேல் நம்மவர் வீடுகள். அண்ணை ஒரு வீடு விடாமல் போய்க் கேட்டார். "இதென்ன கேள்வி அண்ணை, தாராளமாப் போடுங்கோ" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். கடைசி வீட்டு நோர்வேக்காரர் மட்டும்தான் தன் பேரப்பிள்ளைகள் சறுக்குகிற இடம் அது, தான் எதிர்த்து எழுதப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்.

ஆனால் இந்த நாட்டில் வாசலில் நின்று சொன்ன ஓமுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. அயலவர் எல்லாருக்கும் அறிவித்தல் வரும். கருத்து இருந்தால் எழுதி அனுப்பு என்று அதில் கேட்டிருக்கும். எழுதியது மட்டும்தான் மேசைக்குப் போகும்.

அப்படியானால் நம்மவர்கள் ஏன் எழுதவில்லை? சோம்பலா? எரிச்சலா? இல்லவே இல்லை... அன்பினால்தான் எழுதவில்லை!

அன்று இரவு அண்ணையின் வீட்டில்தான் அது எனக்கு விளங்கியது. செய்தி கேட்டு அயல் முழுவதும் வந்துவிட்டது. சும்மா வரவில்லை. இடியப்பம், சொதி, மீன்குழம்பு என்று சட்டிகளோடு வந்தார்கள்.

"எனக்கும் அந்தக் கடிதம் வந்தது அண்ணை. நான் உடைச்சும் பாக்கேல்லை" என்றார் மூன்றாம் வீட்டு யோகன். அதை அவர் பெருமையாகச் சொன்னார். "உங்களைப் பற்றி நகரசபைக்கு நான் எழுதுறதோ? நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஊரில் அயலவனைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதும் கடிதத்துக்கு ஒரே பெயர்தான் – பெட்டிசம். வேலி தள்ளிப் போட்டான், அனுமதி இல்லாமல் கிணறு வெட்டினான் என்று மொட்டையாகப் போடுவது. 'அவர் நல்லவர், அவர் கேட்டதைக் கொடுங்கள்' என்று யாராவது பெட்டிசம் போட்டதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நல்ல அயலவன் என்றால் எழுதாமல் இருப்பவன். நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம்.

சென்னையிலிருந்து வேலைக்கு வந்து அதே வரிசையில் வாடகைக்கு இருக்கும் தம்பியும் வந்திருந்தார். "நாங்க புதுசா வந்தவங்க அங்கிள். கவர்ன்மென்ட் விஷயத்துல நான் தலையிட்டு உங்களுக்கு ஏதாவது பிரச்சினை ஆயிடுமோன்னு பயந்துட்டேன்" என்றார். பாவம், அவர் கண் கலங்கியிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. யோகன் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கடைசி வீட்டுக்காரன் பின்னுக்கு ஒரு மரக்கொட்டில் போட்டிருக்கிறான் தெரியுமோ? அனுமதி எடுத்திருக்க மாட்டான். ஒரு பெட்டிசம் போடுவம். நாங்கள் எல்லாரும் கையெழுத்து வைக்கிறம்."

வீடு கலகலப்பாகிவிட்டது. யாருடைய நோர்வே மொழி நல்லது, யார் எழுதுவது என்று பேச்சுப் போனது. போனில் கொட்டிலின் படம்கூட ஒருவரிடம் இருந்தது. நான் ஆத்திரத்தில் இடியப்பத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"விடுங்கோ. அந்த மனிசன் எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் எழுதினது" என்றார் அண்ணை. அத்தோடு பேச்சு நின்றது.

நம்மவர் எழுதியிருந்தால் முடிவு மாறியிருக்குமா? தெரியாது. மாறியிருக்காது என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் நித்திரை வருகிறது. மேன்முறையீடு செய்யலாமாம். அதற்கு மாதக்கணக்கில் எடுக்குமாம். பராமரிப்பு இல்லத்தில் அறை இப்போது ஒன்றுதான் காலியாம், விட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். எல்லாம் 'ஆம்'தான். அண்ணை அறைக்குச் சம்மதித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் இனித் தனியே சமைத்துச் சாப்பிடப் போகிறார். எனக்குக் கவலையாக இருக்கிறது.

சனிக்கிழமை அக்காவைக் கூட்டிப்போனார்கள். வாகனம் கீழே தெருவில் நின்றது. படிகளால் நாற்காலியோடு தூக்கித்தான் இறக்கவேண்டும். யோகனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஆள் போதவில்லை. அந்தோனி அண்ணைக்கு முதுகு சரியில்லை, பாரம் தூக்க எனக்கும் ஏலாது.

கடைசி வீட்டுக் கதவு திறந்தது. அந்த நோர்வேக்காரர் ஜாக்கெட்கூடப் போடாமல் ஓடிவந்து நாலாவது பக்கத்தைப் பிடித்தார்.

பாதிப் படியில் அக்கா நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் கொஞ்சம் கோணிப்போனாலும் குத்தல் கதை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"உயிரோடை இருக்கேக்கையே நாலு பேர் என்னைத் தூக்கினம்... நான் குடுத்து வைச்சனான்."

படியில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நோர்வேக்காரர் மட்டும் விளங்காமல், "அவர் என்ன சொன்னார்?" என்று தன் மொழியில் கேட்டார்.

நோர்வே மொழி தெரிந்தவர்கள் நாங்கள் அத்தனை பேர் அங்கே நின்றோம். வழக்கம்போல ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.