ஆளு கீது

ஐம்பத்தொன்றாம் ஆண்டு மாசி மாதம். எண்ணூரில் உப்பங்கழி கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ராயபுரத்தில் காலை வண்டி ஏறினேன். ஒன்பது மைல்தானே என்று போனால், பெட்டியில் நிற்கவே இடமில்லை. ஒரே ஓர் இடம் காலி. பக்கத்தில் இருந்த மீனவப் பெண் அதன்மேல் கூடையை வைத்திருந்தாள்.

"ஆளு கீது நைனா," என்றாள்.

துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் ஊர் வழக்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்டையார்பேட்டை போயிற்று, திருவொற்றியூரும் போயிற்று. ஆள் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின வாரம்தான் ஒரு வேதாந்தப் பிரசங்கம் கேட்டிருந்தேன். கயிற்றில் தெரியும் பாம்பு முதல் படி உண்மை. விளக்கு வந்தால் போய்விடும். நாம் புழங்கும் உலகம் அடுத்த படி. ஞானம் வந்தால் அதுவும் போய்விடும். பிரம்மம் மட்டுமே மிஞ்சும். இந்த அம்மாளின் ஆள் முதல் படிக்காரர் போலும் என்று மனத்துக்குள் கேலி செய்துகொண்டேன்.

எண்ணூரில் இறங்கி முகத்துவாரக்குப்பத்துக்குத் தோணி பிடித்தேன்; ஆளுக்கு ஓரணா. அதே பெண்ணும் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தாள்.

"இரு மாமு, அவுரு ஏறட்டும்," என்றாள் தோணிக்காரரிடம்.

அவர் காத்திருந்தார். காற்றே இல்லை. தோணி மெல்ல என் பக்கம் தாழ்ந்து நிமிர்ந்தது.

கழியின் நடுவில் தோணிக்காரர் என் காதோரம் சொன்னார்: "இவ புருசன் ஐப்பசில கடலுக்குப் போனவன், திரும்பல. ராயபுரத்துல கண்டுபுடிச்சி இட்டுனு வரேன்னு சொல்லிகினு கீறா. இன்னிக்கி ஊரு கூடுது. எங்க கண்ணுக்குத் தெரில; ஆளு கீதுன்னு வெளியாளு யாருனா சாட்சி சொல்லணும். இல்லாங்காட்டி தாலிய எடுத்துருவாங்க."

பழுப்புத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் சேரும் இடம் வந்தது. அதைப் பார்க்கத்தான் வந்தேன், பார்க்கத் தோன்றவில்லை.

கரையில் குப்பமே கூடியிருந்தது. பஞ்சாயத்துப் பெரியவர் நேராக என்னிடம் வந்தார்.

"நைனா, நீங்க கூடவே வந்தீங்களே. அவ பக்கத்துல ஆளு கீதா?"

அவள் தாலிக் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கீது," என்றேன். பொய்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன்.

கூட்டம் கலையத் தொடங்கியது. அவள் அழுதுகொண்டே கும்பிட்டாள். பிறகு இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, கூட்டத்தில் யாரையோ தேட ஆரம்பித்தாள். நான் தோணிக்கு விரைந்தேன்.

சாயங்கால வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இடம் காலி. கொருக்குப்பேட்டையில் ஏறிய ஒருவர் அதைக் காட்டிக் கேட்டார்.

"இன்னா சார், ஆளு கீதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காலி இடத்தின் பலகை நனைந்திருந்தது. அதில் வைத்த கையில் உப்புத் தண்ணீர் பிசுபிசுத்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"கீது," என்றேன்.

அவர் என்னை முறைத்துக்கொண்டே ராயபுரம் வரை நின்றபடி வந்தார்.