கலியபெருமாள் நேராகத்தான் ஆடினார்

கலியபெருமாள் இன்று விடியற்காலை தவறிவிட்டார். மாரடைப்பாம். அவர் மகள் போனில் சொன்னது.

கீழ்வேளூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டே எழுதுகிறேன். பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ என்று முதலில் வரிசையாகக் குறித்துக்கொள்கிறேன்.

1. அவர் யார்.
2. எனக்கு ஏன் சந்தேகம் வந்தது.
3. நான் செய்த காரியம்.
4. அதைச் செய்தது நான்தான் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

நாலாவதை எழுதலாமா கூடாதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை... அவர் வீட்டார் யாராவது படித்துவிட்டால்?

நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. போனில் செஸ் ஆடும் ஒரு ஆப்பில், போன வருஷம் தற்செயலாக எதிரே வந்தவர்.

அதற்கு முந்தின ஆட்டத்தில் யாரோ ஒருவர் என்னை "கிழவா, தூங்கிட்டியா" என்று கேட்டிருந்தார். இவர் என் ராணியை எடுத்துவிட்டு, "மன்னிச்சிக்குங்க சார்" என்று டைப் பண்ணினார்.

அப்புறம் தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரு ஆட்டம். போன் நம்பரும் வாங்கிக்கொண்டோம். என்ன வேலை என்று கேட்டேன். "நெல்லு வேலை சார்" என்றார்.

விவசாயி என்று நானாக எடுத்துக்கொண்டேன். வேலையில் இருந்த காலமெல்லாம் வயல் வயலாகப் போய் விளைச்சல் கணக்கு எடுத்தவன் நான். அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

தை பிறந்ததும் திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தார். வரிசையாக ஒன்பது ஆட்டம்.

எனக்கு உறுத்தியது. ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறித்தேன். சுலபமான இடத்திலும் ஐம்பது வினாடி. சிக்கலான இடத்திலும் ஐம்பது வினாடி.

கம்ப்யூட்டரிடம் கேட்டுக் கேட்டு ஆடுகிறவர்களுக்குத்தான் இப்படி ஒரே சீராக நேரம் ஆகும் என்று எங்கோ படித்திருந்தேன்.

நேரே அவரைக் கேட்டிருக்கலாம்... தைரியம் வரவில்லை. அந்த அட்டவணையை அப்படியே போட்டோ எடுத்து, ஆப்பில் புகார் கொடுத்தேன். கொடுத்தவர் பெயர் வெளியே வராது என்று போட்டிருந்தது.

நாலாம் நாள் அவர் அக்கவுண்ட்டை மூடிவிட்டார்கள். அன்று மத்தியானமே போன்.

"சார், என்னைக் களவாணின்னுட்டானுவ சார். ஏதோ மிஷினு வச்சு ஆடுறேனாம். எங்கிட்ட இருக்குறது எடை மிஷினு ஒண்ணுதான்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வேலை நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடுவது. அறுவடை தொடங்கியதும் வேலையும் தொடங்கியிருக்கிறது.

ஒரு மூட்டை ஏறும். நாற்பது கிலோ சரியா என்று பார்ப்பார். சுமை தூக்குகிறவர்கள் அதை இறக்கிவிட்டு அடுத்ததைத் தூக்கி வருவதற்குள் போனைப் பார்த்து ஒரு காயை நகர்த்துவார். நான் குறித்து வைத்த ஐம்பது வினாடி... ஒரு மூட்டை.

"முன்னாடில்லாம் அவசரப்பட்டுக் காயைத் தள்ளிப்புடுவேன் சார். இப்ப மூட்டை இறங்குற வரைக்கும் யோசிச்சுத்தானே ஆவணும். அதான் ஜெயிச்சேன்" என்றார்.

அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்.

"கூட இருக்குறவனுவ கிண்டல் பண்றானுவ சார். 'அண்ணே, எடையிலயும் இப்படித்தானா?'ன்னு ஒருத்தன் கேட்டுப்புட்டான். விளையாட்டாத்தான் கேட்டான். ஆனா நெல்லு கொண்டாந்தவரு பக்கத்துலயே நின்னாரு. அதுலேருந்து அவரு என் கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு சார். நீங்க படிச்சவங்க. நான் நேராத்தான் ஆடுனேன்னு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்களேன்."

எழுதினேன். மூன்று தடவை திருத்தினேன். "புகார் கொடுத்தவன் நான்தான், என் கணிப்பு தவறு" என்று ஒரு வாக்கியத்தை மூன்று தடவையும் எழுதி, மூன்று தடவையும் அடித்தேன். அவர் அப்புறம் என்னோடு பேசாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம்.

போனில் அவருக்குப் படித்து, தமிழில் அர்த்தமும் சொன்னேன்.

"இவ்வளவுதானா சார்?"

"ஆமா, இவ்வளவுதான்."

"வேற ஏதாச்சும் சேக்கணுமா சார்?"

"இல்லைங்க. இது போதும்."

"சரிங்க சார். அனுப்பிடுங்க" என்றார்.

ஆப் கம்பெனியிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. முடிவில் மாற்றம் இல்லை.

...

இனி எழுதுவது திரும்பி வரும் பஸ்ஸில்.

வீட்டு வாசலில் கொள்முதல் நிலையத்துச் சுமை தூக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். நீங்கள் யார் என்று கேட்டார்கள். "தஞ்சாவூர்... செஸ்..." என்று இழுத்தேன்.

"அந்த சாரா! வாங்க சார்" என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆப்புல முதமுதல்ல தட்டுனப்ப நீங்க மாட்டுனீங்களாம். அதோட சரி. வேற ஆளுகூட ஆடுங்கண்ணேன்னா, 'முகம் தெரியாதவன்கிட்டப் போயி என்னாத்த ஆடுறது, எனக்கு சார் ஒருத்தரு போதும்'பாரு. அக்கவுண்ட்ட மூடுற வரைக்கும் உங்களோட மட்டுந்தான் சார் ஆடுனாரு."

என்னோடு மட்டும்.

அப்படியென்றால் அவர் மேல் புகார் கொடுத்திருக்கக்கூடிய ஆளும் ஒருவன்தான். லெட்டர் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டபோதே...

அங்கேயே, அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். மாலையைப் போட்டுவிட்டு, மகளிடம் தலையசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் இங்கே சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் இருப்பவர்கள் யாராவது படித்தால் மற்றவர்களுக்கும் காட்டுங்கள். கலியபெருமாள் ஏமாற்றவில்லை. தப்பாகப் புகார் கொடுத்தவன் நான்.

போய் வாங்க, கலியபெருமாள்.

மேலே நாலாவதாக எழுதியது தவறு. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.