புவனா போட்ட முடிச்சு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இருபது வருடத்துக்கு மேல் நேர்ஸாக இருந்தவள், மௌத்தானவர்களோடு தனியே எத்தனையோ நேரம் இருந்திருக்கிறேன், ஒருவரும் எழும்பி என்னோடு கதைத்ததில்லை. ஆனால் சுனாமி அன்று பட்டப்பகலில் நடந்ததை நான் கண்ணால் கண்டேன், நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

கல்முனை ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்தவள் புவனா, பெரியநீலாவணையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. காயக்காரர் கூட்டமாக வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று யுத்த காலத்தில் எங்கள் இருவருக்கும் பயிற்சி தந்திருந்தார்கள். கையில் சிவப்புத் துணி கட்டினால் உடனே பார்க்க வேண்டியவர், வெள்ளை என்றால் உயிர் போனவர். நான் சாதாரண முடிச்சுத்தான் போடுவேன். அவள் வலைக்குப் போடுகிற முடிச்சைப் போடுவாள், அப்பாவிடம் பழகியதாம். "உன்ட முடிச்சு ஆட்டுக்குட்டிக்கும் நிக்காது புள்ள" என்று என்னைக் கேலி செய்வாள். எனக்கு அவளுடைய முடிச்சு கடைசி வரை வரவில்லை.

சுனாமி அன்று பௌர்ணமி, போயா லீவு, புவனா கடற்கரையில் தன் வீட்டில் நின்றாள். கடல் வந்த பிறகு உள்ளே தள்ளியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில்தான் காயக்காரரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். டாக்டர் ஒருவர், நான் ஒருத்தி. கடைக்காரர் ஒருவர் தந்த சிவப்பு, வெள்ளைத் துணியைக் கிழித்துக் கிழித்துக் கட்டினேன், பயப்பட நேரம் இருக்கவில்லை, பழகிய வேலையைக் கை தானாகச் செய்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, அன்று அந்தத் துணித் துண்டால் பிழைத்தவர்கள் இன்றும் சந்தையில் கண்டால் நின்று சலாம் சொல்கிறார்கள்.

ஆனால் ஒரு பிழை விட்டேன். நஸீமா என்று ஒரு பெண், அட்டாளைச்சேனையில் வயல்காரக் குடும்பம், கடற்கரையில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் அகப்பட்டவள். கழுத்தில் விரல் வைத்தேன், நாடி இல்லை. வெள்ளை கட்டி, ஜனாஸாக்கள், உயிர் போனவர்களின் உடல்கள், கிடந்த வகுப்பறைக்கு அனுப்பிவிட்டேன். பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அடக்க வேண்டும் என்று டிராக்டரும் வந்து நின்றது.

ஏற்றுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். நஸீமாவின் கையில் வெள்ளை இல்லை, சிவப்புக் கட்டியிருந்தது. என் வேலையில் கை வைத்தது யார் என்று கோபம்தான் முதலில் வந்தது. பிறகு முடிச்சைப் பார்த்தேன், புவனாவின் முடிச்சு. அல்ஹம்துலில்லாஹ், வந்துவிட்டாளே என்ற சந்தோஷத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி சுற்றிப் பார்த்தேன், அவளைக் காணவில்லை. நஸீமாவின் கையைத் திரும்பப் பிடித்தேன். மெல்லிசாக ஒரு நாடி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் பிழைத்தாள்.

வாசலில் நின்றவர்களைக் கேட்டேன், ஒருவரும் உள்ளே போகவில்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்துப் புவனாவின் அண்ணன் வந்தார்.

"அவள் போயிட்டாள் மிஸ். அண்டைக்குப் பகல் பன்ரண்டுக்கு முதலே அவள்ட உடம்பை எங்கட கையாலதான் எடுத்தம்."

நான் அந்தச் சிவப்புத் துணியைக் கண்டது நடுப்பகல் லுஹர் தொழுகைக்கும் பிறகு. களைப்பில் நானே கட்டிவிட்டு மறந்திருப்பேன் என்று சொல்வீர்கள். எனக்குத் தெரியாத முடிச்சை நான் எப்படிக் கட்டுவது?

இப்போது ஊர் ஊராகப் போய் இந்த வேலையை நானே பழக்குகிறேன். இரண்டு பேர் தனித்தனியாக நாடி பார்க்காமல் என் ஆட்கள் ஒருவருக்கும் வெள்ளை கட்டமாட்டார்கள், இனி எந்தக் கடல் வந்தாலும் அந்தப் பிழை நடக்காது. யுத்தம் முடிந்த வருடம் ஒரு பயிற்சிக்கு நஸீமாவும் வந்தாள். பழகிப் பார்க்க என் கையில் துணியைக் கட்டச் சொன்னேன். வலை முடிச்சுப் போட்டாள்.

வயல்காரப் பிள்ளைக்கு இது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"நீங்க வெள்ளை கட்டின மறுகா இன்னொரு மிஸ் வந்தாங்களே. கையெல்லாம் ஈரம். எனக்கு விளங்கட்டும் எண்டு மெதுவாக் கட்டினாங்க. உங்கட முடிச்சு ஆட்டுக்குட்டிக்கும் நிக்காதாம் எண்டு சிரிச்சாங்க."

அந்தக் கேலியை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நஸீமா கட்டிய துணியை அவிழ்க்கவும் எனக்கு மனம் வரவில்லை, கையில் அந்தக் கட்டோடுதான் அன்று வீட்டுக்கு வந்தேன்.