மேற்குச் சுவரும் அண்ணன் நிறுத்திய லாரியும்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்று வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். போன வருஷம் துக்கம் விசாரிக்க வந்தபோது உங்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்த கையோடு என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அவ்ளோ தொழில் தெரிஞ்ச மனுஷன், சொந்த லாரிய மட்டும் ஏம்மா ஓட்டாமலே வெச்சிருந்தாரு?" அழுதுகொண்டிருந்த எனக்கு அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. படத்துக்குக் கீழே நாலு வரிப் பாட்டு போட்டால் போதும் என்று அச்சகத்துக்காரர் சொன்னார். எனக்குப் போதவில்லை.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சந்தேகப் பிராணி. கடைக்காரர் எடை போட்டால் தராசைப் பார்க்க மாட்டேன், அவர் விரலைப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால் இரண்டு நாள் தூக்கம் வராது. அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு, "போலீஸ்காரம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஆகவே இதில் உங்களில் யார் மீதாவது சந்தேகம் தெரிந்தால் அதை என் பிறவிக் குணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது முசரவாக்கத்தில். அப்பா அங்கே குத்தகைக்குப் பயிர் வைத்தவர். மழை பொய்த்து ஏரி வறண்ட பிறகு குடும்பம் செவிலிமேட்டுக்கு வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு மனை வாங்கி, மண் சுவர் எழுப்பி, நாட்டு ஓடு போட்டு ஒரு வீடு கட்டினார்கள். அண்ணன் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காலமானார். அதோடு படிப்பும் நின்றது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கிளீனர், பிறகு டிரைவர். என்னைப் பள்ளியிறுதி வரைக்கும் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். ஒரு நாளும் அதை எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை.

அப்பா போன பிறகு, தனியாக டவுனில் குடியிருந்த சித்தப்பா, இந்த வீட்டை விற்றுப் பங்கு பிரிக்க வேண்டும் என்றார். கேட்டது தவறில்லை, அவருக்கும் பாதி உண்டு. ஆனால் அம்மாவுக்கும் எங்களுக்கும் போக வேறு இடமில்லை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு சொன்னார்கள். "வூடு நிக்கிற வரைக்கும் அந்தம்மா இருந்துட்டுப் போகட்டும். வுழுந்துட்டா மனையை வித்துப் பங்கு போட்டுக்குங்க." சித்தப்பா அதற்குத் தலையாட்டினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் ஓட்டைப் பார்ப்பார், பிறகு சுவரைப் பார்ப்பார், கடைசியாகத்தான் எங்களைப் பார்ப்பார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்த பிறகு, சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு பழைய லாரி வாங்கினார். மூக்கு நீண்ட வண்டி. புகை கக்கும், ஆனால் ஓடும். செங்கல், மணல், நெல் மூட்டை என்று சொந்தமாக லோடு அடிக்கத் தொடங்கினார். இனி யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று அம்மா லாரிக்குக் கற்பூரம் காட்டினார்கள். அண்ணனின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அந்த ஐப்பசியில் பேய்மழை பிடித்தது. மழை விட்ட ஒரு காலையில் எழுந்து பார்த்தால், லாரி வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி, பக்கத்துச் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. மேலே முழு லோடு மணல். "எஞ்சின் போச்சும்மா" என்றார் அண்ணன். முந்தின நாள்தான் வாலாஜாபாத் போய் வந்த வண்டி. ஒரே ராத்திரியில் எஞ்சின் எப்படிப் போகும்? போன வண்டிக்கு எதற்கு மணல்? எனக்கு அன்றைக்கே மூக்கில் வேர்த்தது.

மறுவாரமே அண்ணன் பழையபடி வேறொருவர் லாரியை ஓட்டக் கூலிக்குப் போனார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் லாரியின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ கழற்றுவார், எதையோ மாட்டுவார். நடுவில் வீட்டு வேலையும் பார்ப்பார். உடைந்த ஓடு மாற்றினார், கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டார், சமையலறைத் தரையைப் பூசினார். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தை மட்டும் விட்டுவிட்டார். "லாரி மறைக்குதும்மா, எஞ்சின் ரெடியாகட்டும்" என்றார். நாங்களும் லாரிக்குப் பழகிப்போனோம். மூக்கின் மேல் வடகம் காய்ந்தது, பக்கப் பலகையில் புடவை காய்ந்தது, சக்கரத்தடியில் கோழி அடைகாத்தது.

சித்தப்பாவுக்கு வந்த சந்தேகம், சந்து நிலத்தை வளைத்துப்போட அண்ணன் லாரியை நிறுத்தி வைத்திருக்கிறார் என்பது. என் சந்தேகமோ ஒருவர் மீது மட்டும் நிற்கவில்லை. ஆட்கள் தெருவில் வந்தால்தான் அண்ணனின் சுத்தியல் சத்தம் கேட்டது. போய்விட்டால் சும்மா உட்கார்ந்து பீடி பிடித்தார். அம்மா திடீரென்று பாயை மேற்குச் சுவரோரம் போட்டுப் படுக்கத் தொடங்கினார்கள், எங்களை ஒரு நாளும் அந்தப் பக்கம் படுக்க விடவில்லை. அங்கே நகை ஏதாவது புதைத்திருக்கிறார்களோ என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேல், பட்டு நூல் இழைத்துக் கூலிக்குக் கொடுக்கும் அண்ணி அந்தச் சுவரில் அங்கங்கே சிவப்பு நூல் துண்டுகளைச் சோற்றுப் பசையால் குறுக்கே ஒட்டி வைத்திருந்தார். தினம் காலையில் அதை விரலால் தடவிப் பார்ப்பார். இது ஏதோ மந்திர வேலை, அண்ணனை மயக்கி வைத்திருக்கிறார் என்றே முடிவு கட்டினேன். அந்த வாரம் முழுவதும் அண்ணி போட்ட காப்பியை நான் குடிக்கவில்லை.

முட்டை எடுக்க ஒரு மத்தியானம் லாரிக்கு அடியில் நுழைந்தேன். கோழி உள்ளே தள்ளிப் போயிருந்ததால் நானும் தவழ்ந்து மறுபக்கம் போனேன். அங்கேதான் பார்த்தேன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் அடைத்திருந்தது. லாரியின் உடம்புக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் பனங்கட்டைகள், ஆப்பு வைத்து இறுக்கியிருந்தன. மேற்குச் சுவர் வயிறு தள்ளி, அந்தக் கட்டைகளின் மேல் சாய்ந்திருந்தது. எனக்கு முட்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் சந்துக்குக் கூட்டிப்போனேன்.

"எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல. இன்னாண்ணா இதெல்லாம்?"

"பூந்து பாத்துட்டியா போலீஸ்காரம்மா? சத்தம் போடாத. அம்மாவுக்குத் தெரிஞ்சா தூங்க மாட்டாங்க. உங்க அண்ணி வேற மாசமா இருக்குது."

"முட்டுக் குடுத்து வெச்சா ஆவாதா? லாரிய ஏன் நிறுத்தணும்?"

"முட்டுக் குடுத்தா போறவன் வர்றவன்லாம் இன்னா ஏதுன்னு கேப்பான். லாரி நின்னா, லாரி நிக்குதுன்னு போயிடுவான். இப்ப இத நவுத்துனா சுவரு வந்துடும். சுவரு வந்தா ஓடு வந்துடும். ஓடு வந்தா சித்தப்பா வந்துடுவாரு."

"சொந்த வண்டிய இங்க வெச்சிக்கினு அடுத்தவன் வண்டிய ஓட்டப் போறியேண்ணா."

"வண்டி அப்புறம் வாங்கிக்கலாம்மா. தை மாசத்துக்குள்ள செங்கலுக்கு வழி பண்ணிட்டா சுவர மாத்திடலாம்."

அந்தத் தை வந்தது. அண்ணிக்குப் பிரசவமானது, செங்கல் வரவில்லை. அடுத்த தைக்குத் தள்ளிப்போட்டார். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத்தான் தூக்கம் போனது. யாருக்கும் தெரியாத ரகசியத்தை நான் ஒருத்தி காப்பாற்றுவதாக நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒரு நாள் அண்ணன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து சித்தப்பா வந்தார். கூடவே லாரி வாங்குகிற ஆளும், ஒரு டிரைவரும். "எஞ்சின் போன வண்டின்னு எத்தினி நாளு சொல்லுவான்? இவுரு பாத்துட்டு வெல சொல்லட்டும்" என்று வாசல் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் சக்கரத்துக் கல்லை எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தார். உள்ளே தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, பாம்பு! எஞ்சினுக்குள்ள பாம்பு பூந்துக்கிச்சு!" என்று கத்தினேன்.

டிரைவர் குதித்து இறங்கினார். சித்தப்பா நகரவில்லை. "பாம்பா? எங்க, காட்டு பாக்கலாம்" என்று என் முகத்தையே பார்த்தார். அப்போது அண்ணி ராட்டையை விட்டு எழுந்து வந்து, தலை குனிந்தபடியே சொன்னார்.

"ஆமாங்க மாமா. நானும் பாத்தேன். ரெண்டு."

அரிவாள்மனையில் கீரை அரிந்துகொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. "ரெண்டு இன்னா ரெண்டு, குட்டியெல்லாம் போட்டு வெச்சிருக்குது. வேலையப் பாத்துக்கினு போங்கப்பா" என்றார்கள்.

வாங்க வந்தவர் தெருமுனையில் போய் நின்றுகொண்டார். சித்தப்பா எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு டிரைவரிடமிருந்து சாவியை வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் வந்ததும் நடந்ததைச் சொன்னோம். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ எல்லாருக்கும் தெரியுமா?" அண்ணி சிவப்பு நூலைக் காட்டினார். "சுவரு அசைஞ்சா நூலு அறுந்துடும்ல. அறுந்தா கொழந்தையத் தூக்கிக்கினு ஓடலாம்னுதான்." நான் மந்திரம் என்று நினைத்தது அதைத்தான். அம்மாவிடம், "நீ ஏம்மா அந்தப் பக்கம் படுத்த?" என்று கேட்டோம். "வுழுந்தா என் மேல வுழட்டும்னுதான்" என்றார்கள். அதுவரை பாம்புக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் அழுதுவிட்டோம். அண்ணன் அம்மாவின் பாயைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கிழக்குப் பக்கம் போட்டார்.

அடுத்த தையில் சுவரைப் பிரித்துச் செங்கல்லால் கட்டினோம். அதற்காக முதலில் ஓடு இறக்கி முடித்த அன்று அண்ணன் லாரியில் ஏறினார். முதல் தட்டிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் ஈர மணலைச் சுமந்து, வெயிலிலும் மழையிலும் அசையாமல் நின்றதில் வண்டியின் உடம்பு இற்றுப் போயிருந்தது, டயர் வெடித்திருந்தது. இனி லோடு தாங்காது என்று அவருக்கே தெரிந்தது. தெருமுனைப் புளியமரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பழைய இரும்புக்குப் போட்டார். வண்டி அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னவர் கடைசிவரை வாங்கவில்லை. நீங்கள் கேட்டீர்களே, ஏன் ஓட்டவில்லை என்று. இதுதான் காரணம்.

சுவர் வேலை நடந்தபோது சித்தப்பா ஒரு தரம் வந்தார். கீழே கிடந்த பனங்கட்டைகளைக் காலால் புரட்டிவிட்டு, "பாம்பெல்லாம் போயிடுச்சாம்மா?" என்று என்னிடம் கேட்டார். இவர் ஏதோ திட்டம் வைத்திருக்கிறார் என்று பல வருஷம் காத்திருந்தேன். வீட்டைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. பேசாததும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு மூச்சிரைப்பு வந்தது. "வண்டி ஓட்டுன அசதிம்மா" என்றார். எஞ்சின் போச்சு என்று சொன்ன அதே குரல். அம்மா, அண்ணி, நான் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தனக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லித்தான் அண்ணி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இருதயம் வீங்கிப்போயிருக்கிறது என்றார் டாக்டர்.

கடைசி நாட்களில் அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் முதுகு நிற்காது. ஒரு சாயங்காலம் சித்தப்பா வந்தார். மனை விஷயம் பேச வந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கட்டிலுக்குத் தலைமாட்டில் போய் நின்று, "சாஞ்சுக்கடா" என்றார். அண்ணன் அவர் மார்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். வெகுநேரம் ஆயிற்று. வயதானவருக்குக் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

"ஒக்காருங்க சித்தப்பா, கால் வலிக்கும்" என்றார் அண்ணன்.

"ஒக்காந்தா நீ சரிஞ்சிடுவ."

அண்ணன் மூச்சுக்கு நடுவே சிரித்தார். "அப்ப நவுறாதீங்க. பாம்பு இருக்குது."

"அது இன்னா பாம்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா. பனங்கட்ட வெளிய நீட்டிக்கினு இருந்திச்சு."

நான் கேட்டுவிட்டேன். "அப்புறம் ஏன் சித்தப்பா யார்கிட்டயும் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? உங்க அப்பனும் நானும் சேந்து மண்ணு மிதிச்ச சுவரும்மா அது."

அண்ணன் பல நாளுக்குப் பிறகு அன்றுதான் கண்ணை மூடித் தூங்கினார். மூன்றாம் நாள் எங்களை விட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் எங்களோடு நடந்த தெருக்காரர்கள், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த பட்டறை நண்பர்கள், அண்ணியையும் பிள்ளையையும் இன்றுவரை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் அத்தனை சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று நீங்கள் சாப்பிட உட்காரும் இடம் அந்த மேற்குச் சுவரோரம்தான்.

சித்தப்பா, முன்வரிசையில் உட்கார்ந்து இதை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இத்தனை வருஷம் உங்களைச் சந்தேகப்பட்டேன், அதை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு சாயங்காலம்தான் தேவைப்பட்டது. அண்ணன் தூங்கி, வெளியே இருட்டி, விளக்குப் போட்ட பிறகும் நீங்கள் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.