இடது கை எட்டரை அடி

எங்கள் விதைப்புக் கருவிக்கு இரண்டு இரும்புக் கைகள். டிராக்டருக்குப் பின்னால் கருவி நான்கு வரிசையாக விதை போட்டுக்கொண்டே போகும். அப்போது ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி இறக்கிவிட்டால், அதன் நுனியில் இருக்கும் தட்டு, இன்னும் விதைக்காத மண்ணில் ஒரு கோடு கிழித்துக்கொண்டே வரும். திரும்பி வரும்போது அந்தக் கோட்டைப் பிடித்து ஓட்ட வேண்டும். பிடித்தால் வரிசைக்கு வரிசை இடைவெளி ஒன்றுபோல விழும். விட்டால் ஊரே பார்த்துச் சிரிக்கும், ஏனென்றால் எங்கள் கொல்லை ரோட்டோரத்து நிலம்.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்திலிருந்து கெடார் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் உலை கொதித்து அடங்கிவிடும். வீட்டில் எது கேட்டாலும் "உம்"தான். ஆனால் டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். நான் இடது மட்கார்டில் உட்கார்ந்து எதையாவது சொல்லிக்கொண்டே வருவேன். நான் நிறுத்தினால், "அப்புறம்?" என்பார். அந்த ஒரு "அப்புறம்"முக்காகவே நான் ஏறுவேன்.

எனக்கு அங்கன்வாடியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் கொல்லைக்குப் போக முடியும், அதனால் எங்கள் விதைப்பும் ஞாயிற்றுக்கிழமைதான். மட்கார்டில் நான் சும்மா உட்காருவதில்லை. பின்பக்கம் திரும்பி, நான்கு குழாயிலும் விதை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வருவேன். அடைத்துக்கொண்டால் கத்துவேன். அடைக்காத நேரமெல்லாம் வாரத்துச் செய்தி. எந்தக் குழந்தை எடை ஏறியது, யார் வீட்டில் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, என் அம்மா போனில் என்ன சொன்னாள், எல்லாம் அந்த எஞ்சின் சத்தத்துக்கு நடுவில்தான். எனக்குக் கோபம் பெரிசு, குரல் சின்னது. எப்படித்தான் காதில் விழுந்ததோ, ஒன்றைக்கூட அவர் மறந்ததில்லை.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை விட்டுவிட்டு மக்காச்சோளத்துக்கு மாறியபோது அந்தக் கருவி வந்தது. அப்போது எங்களிடம் இருந்தது பழைய டிராக்டர். வரிசைக்கு வரிசை இரண்டடி, நான்கு வரிசைக்கு எட்டடி. அதனால் கருவியின் நடுவிலிருந்து எட்டடி தள்ளிக் கோடு விழ வேண்டும். சிலர் முன்சக்கரத்தைக் கோட்டில் ஏற்றுவார்கள். அவர்கள் வண்டியின் அகலத்தைப் பார்த்துக் கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இவர் பானட்டின் நடுவைக் கோட்டுக்கு நேரே வைத்து ஓட்டுகிறவர், ஆகவே இரண்டு பக்கமும் எட்டடி. கணக்கு அதுதான்.

ஆனால் எங்கள் கருவியில் இடது கை எட்டரை அடி, வலது கை ஏழரை. முதல் விதைப்பில் எட்டடி வைத்து ஓட்டிப் பார்த்தார், இடைவெளி ஒன்றுபோல வரவில்லை. ஒரு பக்கம் கூட்டினார், ஒரு பக்கம் குறைத்தார், சரியாக வந்ததும் போல்ட்டை முறுக்கி விட்டுவிட்டார். ஏன் என்று யாராவது கேட்டால், "வண்டிக்கு முன் அச்சு கோணல்" என்பார். ஊரும் நம்பியது. கட்டியவள் நானும் நம்பினேன்.

அப்புறம் புது டிராக்டர் வந்தது. விழுப்புரத்திலிருந்து வந்த ஃபிட்டரோடு சேர்ந்து டேப் பிடித்து, இரண்டு கையையும் எட்டடிக்கு வைத்தார். "புது வண்டி, அச்சு நேரா கீது. இனிமே கோணக் கை வாணாம்" என்றார். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. ரோட்டோரக் கொல்லை முழுக்க ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விதைத்து முடித்தோம். மேலக் கொல்லை மட்டும் பாக்கி.

பயிர் முளைத்து வந்தது. நான்கு வரிசைக்குள் எந்தக் குறையும் இல்லை. நான்கும் அடுத்த நான்கும் சேருகிற இடத்தில்தான் வினை. ஒரு இடத்தில் ஒன்றரை அடி, அடுத்த இடத்தில் இரண்டரை. ஒடுக்கமான இடத்தில் களை எடுக்கும் கலப்பை நுழைந்தால் பயிரையும் சேர்த்துப் பிடுங்கும்.

என் கொழுந்தன் வரப்பில் நின்று பார்த்தான். "அண்ணி, அண்ணனுக்கு கண்ணு செரியில்ல. நா சொல்லல, பயிரு சொல்லுது" என்றான். அவன் நல்லவன்தான். ஆனால் அந்த வார்த்தை அவருக்கும் கேட்டுவிட்டது.

மறுநாள் டிராக்டர் சாவியை எடுத்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "மேலக் கொல்லைய அவனே வெதைக்கட்டும். எனக்கு வயசாயிடுச்சி போல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி ஓட்டாமல் இந்த மனுஷன் என்ன செய்வார்? தோட்டத்துப் பக்கம் போய் நின்று அழுதேன். அவருக்காகப் பாதி. மீதி எனக்காகத்தான். வண்டி போனால் என் "அப்புறம்" போய்விடும்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் ஒவ்வொரு இடைவெளியாக அளந்தேன். ஒடுக்கம், அகலம், ஒடுக்கம், அகலம். கடைசி வரைக்கும் அப்படியே. கண் மங்கினவன் கண்டபடி அல்லவா தப்புப் பண்ணுவான்? இத்தனை ஒழுங்காகத் தப்புப் பண்ண நல்ல கண் வேண்டும்.

கொழுந்தனிடம் சாவியைத் திருப்பி வாங்கினேன். அவரிடம் போய், "மேலக் கொல்லைல வெத போடாம சும்மா ரெண்டு ஈடு போய்ட்டு வாங்க. நா வரப்புல நிக்கிறேன்" என்றேன்.

"இன்னாத்துக்கும்மே?"

"கேள்வி கேக்காதீங்க. ஓட்டுங்க."

ஓட்டினார். போய்த் திரும்பி வந்தார். வரப்பிலிருந்து இறங்கி, கருவி மண்ணில் கிழித்த தடங்கள் சேருகிற இடத்தை அளந்தேன். இரண்டடி. இன்னொரு முறை போய் வரச் சொன்னேன். அதுவும் இரண்டடி. ஒரு விரல்கூடத் தப்பவில்லை. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்குத்தான் குழப்பம். வண்டி அதே வண்டி, கை அதே எட்டடி, கண்ணும் அதே கண். விதைத்த நாளுக்கும் இப்போதைக்கும் என்ன வேறு?

பிறகு உறைத்தது. இந்த முறை நான் வண்டியில் இல்லை.

ஏறி மட்கார்டில் உட்கார்ந்தேன். "இன்னொரு வாட்டி ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலப் பின்பக்கம் திரும்பிக்கொண்டு, அங்கன்வாடியில் புதிதாகச் சேர்ந்த குழந்தையின் கதையை ஆரம்பித்தேன். பாதிக் கதையில், பேச்சை நிறுத்தாமலே முகத்தை மட்டும் முன்னால் திருப்பினேன். அவர் தலை என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. சீட்டின் நடுவை விட்டு இடது ஓரத்துக்கு நகர்ந்து, உடம்பைச் சாய்த்து, காதை என் பக்கம் கொடுத்து, கண்ணை மட்டும் பானட்டின் மேல் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் நான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவரைப் பார்க்கவில்லை.

அங்கன்வாடியில் எடை பார்க்கும்போது முள்ளுக்கு நேரே முகத்தை வைக்கச் சொல்வார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் முள் தள்ளித் தெரியும். இவருக்கும் அதே கதைதான். சாய்ந்து பார்த்ததில் கோடு பானட்டுக்கு நேரே இருப்பதுபோலத் தெரியும், வண்டி என்னவோ அரை அடி இடதுபக்கம் போய்க்கொண்டிருக்கும். போகும்போது ஒரு பக்கம் நெருங்கும், வரும்போது மறுபக்கம் விலகும். பழைய டிராக்டரின் அச்சு பாவம், ஒரு தப்பும் செய்யாமல் அத்தனை வருஷம் பழி சுமந்திருக்கிறது.

வண்டியை நிறுத்தச் சொல்லி, அவருக்கு விளக்கினேன். அவர் சீட்டைப் பார்த்தார், மட்கார்டைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட திருடனைப்போல நின்றார்.

"இனிமே நா இறங்கிப் பின்னாடியே நடந்து வர்றேன். ஒங்களுக்கு கோடு நேரா வந்துடும்" என்றேன். சொன்னேனே தவிர, மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அவர் டூல் பாக்ஸைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். குனிந்து போல்ட்டைத் தளர்த்தி, இடது கையை அரை அடி வெளியே இழுத்தார். சுற்றிக்கொண்டு போய் வலது கையை அரை அடி உள்ளே தள்ளினார். இரண்டையும் முறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து என் கொழுந்தன் விதை மூட்டையோடு வந்து சேர்ந்தான். இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாண்ணா, மறுபடியும் கோணலா வச்சிக்கினு கீற? இது புது வண்டியாச்சே!"

"இதுக்கும் அச்சு கோணல்தான்டா" என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

விதையைக் கொட்டினோம். நான் இடது மட்கார்டில் ஏறி உட்கார்ந்து பின்பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. பாதிக் கொல்லை தாண்டுவதற்குள் என் தோளுக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அந்த புதுக் கொழந்த கதைய பாதில வுட்டுட்டியே. அப்புறம்?"