சாமி முன்னால் மாட்டிக்கொண்ட வலது கை

விமானத்தை விட்டு இறங்கிய நிமிடமே என் மகள் குளிரில் விறைத்துப்போவாள் என்று நான் உண்மையாகவே நம்பினேன். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையில் ஷிப்டு சூப்பர்வைசர் நான். பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குப் பக்கத்தில் நின்று சம்பளம் வாங்குகிறவனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? தெரியாததால்தான் அவ்வளவு உறுதியாக நம்பினேன். அவளுக்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அங்கே விமானத்தின் கதவு திறக்கும், ஒரு காற்று அடிக்கும், பெண் அப்படியே நின்றுவிடுவாள், நான் பின்னிய ஸ்வெட்டர் மட்டும்தான் அவளைக் காப்பாற்றும். இதுதான் மனதுக்குள் ஓடிய படம். அந்த நாட்டிலும் துணிக்கடைகள் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் பின்னுவேன். சுமாராக அல்ல, நன்றாகவே பின்னுவேன். வேப்பம்பட்டு ரயில்வே கேட் அருகே ஸ்கூட்டர் சறுக்கிக் காலில் மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்தபோது, மகளின் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. முதலில் ஒரு மப்ளர். ஆரம்பிப்பது எப்படி என்று அந்த வீடியோவில் இருந்தது. முடிப்பது எப்படி என்பது அடுத்த வீடியோவில் இருந்ததாம். அது எனக்குத் தெரியாது. மப்ளர் கூடத்தைத் தாண்டி வாசல் வரை போன பிறகுதான் மகள் கவனித்தாள். இப்போது அதை வைத்துத்தான் என் மனைவி பரணில் இருக்கும் பாய்களைக் கட்டி வைத்திருக்கிறாள். அதற்கப்புறம் டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை, பிளாஸ்குக்கு ஒரு சட்டை. மாமனாருக்குப் பின்னிய மங்கி குல்லாவை அவர் மார்கழி முழுக்கப் போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்து எனக்கு மூன்று ஆர்டர் பிடித்துக் கொடுத்தார்.

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் கம்பெனி பஸ்ஸில்தான் பாதி வேலை நடக்கும். முதல் வாரம் பின் சீட்டிலிருந்து ஒரு ஃபிட்டர் கத்தினான்.

"இன்னா தல, ஊட்ல அண்ணி சோறு போடறதில்லியா? ஸ்வெட்டர் பின்னி விக்கிற அளவுக்கு வந்துட்ட?"

"உன் வாயத் தைக்கத்தான்டா ஊசி எடுத்தேன். நூலு பத்தல."

பஸ்ஸே சிரித்தது. மறுவாரம் அதே ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தல, போனுக்கு ஒரு பை பின்னிக் குடேன், நீலத்துல" என்றான். கொடுத்தேன்.

மகளின் ஸ்வெட்டர் இந்தச் சில்லறை வேலைகளைச் சேர்ந்ததல்ல. நிஜமான ஆட்டு ரோம நூல், கருநீலம், இணையத்தில் வரவழைத்தது. முதுகும் முன்பக்கமும் முடிந்து, இடது கையும் முடிந்து, வலது கை முழங்கைக்குக் கீழே வந்து நின்றபோது ஆயுத பூஜை வந்தது.

இங்கேதான் என் கெத்து என்னைக் கவிழ்த்தது. எங்கள் வீட்டுப் பூஜைப் பலகையில் புத்தகம், பேனா, மனைவியின் அரிவாள்மனை எல்லாம் ஏறும். பொட்டு வைத்துப் படைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டுத்தான் எடுக்கவேண்டும். அதுவரை ஒன்றையும் தொடக்கூடாது. இந்த விஷயத்தில் என் மனைவி ஆலைப் பாதுகாப்பு அதிகாரியைவிடக் கண்டிப்பு. அந்த வருடம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் ஆயுதம் மட்டும் என்ன கொறச்சலா?" என்று என்னிடமிருந்த அத்தனை ஜோடி ஊசிகளையும் பலகையில் அடுக்கினேன். நடுநாயகமாக, பாதி வலது கை தொங்கிக்கொண்டிருந்த ஊசி. அதற்குக் கூடுதலாக ஒரு பொட்டு. மறுநாள் காலை எடுத்து, மத்தியானத்துக்குள் முடித்து, ராத்திரி அவளை விமானம் ஏற்றுவதாகத் திட்டம்.

கற்பூரம் அணைந்தது. பொரியை வாயில் போட்டுக்கொண்டே மகள் சொன்னாள்: "நைனா, ஏழு மணிக்கு கார் சொல்லிக்கீறேன். நீ பாட்டுக்கு வெளிய சுத்தப் போய்டாத."

"நாளைக்குத்தானே?"

"நாளைக்கா? இன்னிக்கு நைட்டு நைனா! பன்னெண்டு மணிக்கு மேல ஃப்ளைட்டு. அதான் டிக்கெட்ல நாளைய தேதி போட்டுக்கீது."

நள்ளிரவைத் தாண்டினால் தேதி மாறும். இரவு ஷிப்டுக்கு வருகைப் பதிவு போடும் எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் டிக்கெட்டைப் பார்த்தபோது நான் சூப்பர்வைசராகப் பார்க்கவில்லை, அப்பாவாகப் பார்த்திருக்கிறேன். பலகையைப் பார்த்தேன். வலது கை மஞ்சள் குங்குமத்தோடு மங்களகரமாகப் படுத்திருந்தது.

"அத மட்டும் எடுத்துக்கறேனே" என்றேன் மனைவியிடம். குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

"ஊசில கை வெச்சீங்க, தெரியும் சேதி. ஊரு விட்டு ஊரு போற பொண்ணு. இன்னிக்குப் போய் சாமி குத்தம் பண்ணணுமா?"

"ஒரு கை இல்லாம போனா குளுர்ல செத்துடுவாடி!"

"நல்ல நாள் அதுவுமா வாயக் கழுவுங்க."

வேறு ஊசி வாங்கலாம் என்று பேன்சி ஸ்டோருக்கு ஓடினேன், ஷட்டர் மூடியிருந்தது. அப்போதுதான் மூளைக்குள் ஏதோ தட்டியது. என் ஊசி நாலு எம்எம் தடிமன். வெல்டிங் ராடும் நாலு எம்எம்மில் வரும். காக்களூர் தொழிற்பேட்டையில் என் கூடப் படித்த நண்பன் ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

பட்டறை வாசலில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு வைத்திருந்தான்.

"இன்னா மாமே, மூஞ்சி பேஜாராக்கீது? வா, சுண்டல் துண்ணு."

"சுண்டல் அப்பறம். ரெண்டு வெல்டிங் ராடு குடு, நாலு எம்எம்."

"எவன் ஊட்டு கேட்டுடா ஒடஞ்சிச்சு நல்ல நாளுல?"

"கேட்டு இல்ல மச்சான். ஸ்வெட்டர் கை."

அவன் சுண்டல் தட்டைக் கீழே வைத்தான். பிறகு பொறுமையாக, "ஸ்வெட்டரை வெல்டிங் வெக்க முடியாதுடா" என்றான்.

விளக்கிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். ராடைக் கொடுக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது அவனுக்கு. அதுவும் பூஜை போட்ட பட்டறைக்குள் இருப்பதுதானே. அவனே தீர்ப்பும் சொன்னான். "மெஷினுதான் ஆயுதம். ராடு எரிஞ்சு போற சரக்கு மாமே. எத்தினி வேணா எடுத்துக்கோ."

ஆனால் ராடின் மேல்பூச்சை உடைக்கச் சுத்தியல் வேண்டும், முனையைக் கூராக்க கிரைண்டர் வேண்டும். இரண்டும் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதனால் வாசலில் தேங்காய் உடைத்த கல்லிலேயே ராடுகளை அடித்துப் பூச்சை உதிர்த்தேன். சிமெண்ட் தரையில் குந்தி உட்கார்ந்து முனையைத் தேய்த்தேன். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று வருகிறவர்கள் போகிறவர்கள் மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள். அந்த நேரம் முழுக்க என் மண்டைக்குள் மகள் ஒற்றைக் கை ஸ்வெட்டரோடு பனியில் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும்தான் நிஜமான வேலை. பின்னல் என்பது ஊசியில் வரிசையாக மாட்டி நிற்கும் நூல் வளையங்கள்தான். அவற்றைக் கண்ணி என்போம். ஒரு கண்ணி நழுவினால் கீழே வரை கிடுகிடுவென்று பிரிந்து ஓடும். பலகையில் கிடக்கும் ஊசியைத் தொடாமல், அதிலிருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக வெல்டிங் ராடுக்கு மாற்றவேண்டும்.

சாமி முன்னால் குப்புறப் படுத்தேன். மகள் போன் டார்ச்சைப் பிடித்தாள். மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுவராக நின்றாள்.

"ஊசி நவுறக் கூடாது."

"நவுறல."

"நவுந்துச்சு."

"நான் மூச்சு விட்டேன்டி!"

"அப்ப மூச்சு விடாதீங்க."

டார்ச் ஆடியது. மகள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். "நைனா, இன்னா பாம் எடுக்கிற மாதிரி பண்றே! நீலக் கம்பிய வெட்டு, செவப்புக் கம்பிய வெட்டுன்னு சொல்லட்டா?"

"எல்லாமே நீலம்தான், வாய மூடிக்கினு வெளிச்சத்தக் காட்டு."

நல்லவேளையாக ஊசியின் கொண்டை மேல் ஒரு சீப்பு வாழைப்பழம் கனமாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பழம்தான் ஊசியை அசையவிடாமல் என் மானத்தைக் காப்பாற்றியது. கடைசிக் கண்ணி ராடுக்கு வந்ததும் நான் எழுந்த எழுச்சியில் குத்துவிளக்கு ஆடியது. மனைவி குனிந்து ஊசியை ஆராய்ந்தாள், நிமிர்ந்தாள், "நூல எடுத்துக்குங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றாள். சிரிக்கக் கூடாது என்று அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

அதன் பிறகு நான் பின்னியதைப் பின்னல் என்று சொல்லமுடியாது, ஓவர்டைம் என்றுதான் சொல்லவேண்டும். ராடு வழுக்கவில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தள்ளவேண்டியிருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டே மகள் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்தாள். அவளைக் கூப்பிட்டு அளந்திருக்கலாம், முடிந்துபோன இடது கையோடு வைத்துப் பார்த்திருக்கலாம். பதற்றத்தில் இரண்டும் தோன்றவில்லை. என் கையிலேயே அளந்துகொண்டு பின்னிவிட்டேன்.

கார் வந்தபோது வலது கை தனியாக முடிந்திருந்தது. உடம்போடு சேர்க்கவேண்டும். தையல் ஊசியும் சாமியிடம் இருந்தது. மகள் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி நீட்டினாள். திருநின்றவூரைத் தாண்டும்போது தோளில் இணைக்க ஆரம்பித்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். விமான நிலையத்து வாசலில் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, "இந்தா" என்று கொடுத்தேன். அந்தப் புழுக்கத்திலேயே அதைப் போட்டுக் காட்டினாள். வலது கைக்குள் அவள் விரல்கள் காணாமல் போயிருந்தன. முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒரு குங்குமக் கறை.

"சூப்பர் நைனா" என்று சொல்லிக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவுக்கு இரண்டு முறை கையாட்டினாள், எனக்கு ஒரு முறை. அதற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் நம்பவேண்டாம்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து ஊசிகள் கைக்கு வந்தன. போன் வரும்வரை சும்மா இருக்க முடியாமல், மிச்ச நூல் உருண்டைகளையெல்லாம் கொட்டி ஒரு கம்பளிப் போர்வைக்குக் கண்ணி ஏற்றினேன். சதுரம் சதுரமாகப் பின்னிக் கடைசியில் இணைப்பதாகத் திட்டம். இப்போது அது பாதிக்கு மேல் வந்துவிட்டது. அடுத்து மனைவிக்கு ஒரு சால்வை, அரக்கு நிறத்தில். பஸ் டிரைவர் கேட்ட ஸ்டியரிங் உறை ஒன்று. வெல்டிங் ராடுகளையும் உப்புத்தாளில் வழவழவென்று தேய்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் குல்லா நன்றாக வரும் என்று தோன்றுகிறது.

அன்று மத்தியானமே போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போடுவதற்குள், "குளுருதாம்மா? கை வெறச்சிடுச்சா?" என்று கத்தினேன்.

"இன்னா நைனா, இங்க வெயிலடிக்குது" என்றாள். "காரிடார்ல எல்லாரும் அரைக் கை சட்டையோட சுத்திக்கினு இருக்காங்க. ஹாஸ்டல் ரூம்ல ஹீட்டர் வேற. எனக்கு வேர்க்குது."

அவள் இறங்கிய அன்று அங்கே குளிரே இல்லை. விமானத்துக்குள் ஏசிதான் குளிராக இருந்ததாம்; அங்கே ஸ்வெட்டரைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் முதன்முறையாக அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். வலது கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்கிறாள்.